ஒன்றேகால் ஆடு

இணையத்தில் எல்லாம் சும்மா கிடைக்கும்
என்றார்கள் வட்டார வள மையத்தில்.
உண்மைதான்.
இரவு பத்தரைக்கு மேல் எழுமலையில்
சிக்னல் கொஞ்சம் இரக்கம் காட்டும்.
மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டிமேல்
கைபேசியைச் சாய்த்துவைத்து
பின்னங்கள் என்று தேடினேன்.
நூற்றுப் பன்னிரண்டு பயிற்சித்தாள்கள்.
நூற்றுப் பன்னிரண்டிலும் பீட்சா.

சும்மா கிடைத்ததை அச்செடுக்க
சிக்கந்தர் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
நாலாம் வகுப்பு பதினேழு, ஐந்து பதினாலு.
"அறுபத்திரெண்டு ஆச்சு. அறுபது குடுங்க டீச்சர்,
பீட்சா கருப்பா விழுந்துருச்சு."

கருகிய பீட்சாவை எட்டாகப் பிரித்தோம்.
யாரும் தப்பாகச் செய்யவில்லை.
யாருக்கும் பசிக்கவும் இல்லை.

அடுத்த வாரத் தாளை நானே எழுதினேன்.
ஞாயிற்றுக்கிழமை, புளியமரத்தடி,
கிடா ஒன்று, கூறு எட்டு.
அரைக் கூறு போதும் என்கிறவர்,
முக்கால் கூறு வாங்கிக்கொண்டு கடன் சொல்கிற மொக்கையன்.
கடைசிக் கேள்வி:
ஒன்றேகால் — படம் வரைக.

ஐந்தாம் வகுப்பில் பதின்மூன்று பேர்
வட்டம் போட்டு, பக்கத்தில் கால்வட்டம் போட்டார்கள்.
மாயக்கண்ணன் ஓர் ஆடு வரைந்தான்.
அதற்கு ஐந்து கால்.

சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன்.
"நாலு கால் சேந்தா ஒண்ணுன்னு
நீங்கதான டீச்சர் சொன்னீங்க.
எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன்.
மூடியைப் போட்டேன்.
இருபத்தொரு வருட சர்வீஸில்
கால் கால் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்,
ஒரு தடவையாவது அந்தச் சொல்
எழுந்து நடந்ததுண்டா?

அந்த ஆட்டோடு தாளைத் திருத்தி எழுதி
போட்டோ பிடித்து ஏற்றினேன்.
மூலையில், வி. தவமணி, சேடபட்டி ஒன்றியம்.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்
படம்: ப. மாயக்கண்ணன்.
யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்
என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
முதல் மாதம் எடுத்தவர்கள் நாலு பேர்.
அதில் இரண்டு பேர் நான்.

இரண்டு வருடம் கழித்து
தல்லாகுளத்தில் பயிற்சி.
முன்மாதிரித் தாள் என்று கைக்குக் கை வந்தது.
புளியமரம் இருந்தது. எட்டுக் கூறு இருந்தது.
மொக்கையன் இன்னும் கடனை அடைக்கவில்லை.
மூலையில் பெயர்கள் இல்லை.

என் பெயர் போனால் போகட்டும்,
சும்மா கொடுத்தது சும்மாதான்.
பீட்சா வரைந்தது யார் என்று
நான் மட்டும் பார்த்தேனா?
மாயக்கண்ணன் பெயரைத்தான்
இரண்டு தரம் தேடினேன்.

பிறகு கடைசிக் கேள்வி.
ஒன்றேகால் என்று எழுதியிருக்க
ஆடு நின்றது
நாலு காலில்.

யாரோ நல்ல மனசுக்காரர்,
பிள்ளை தெரியாமல் போட்டுவிட்டது என்று
வெள்ளை பூசி எடுத்திருக்கிறார்.
வயிற்றுக்குக் கீழே அந்த இடம் மட்டும்
தாளைவிட வெள்ளையாக இருந்தது.

பேனாவால் ஒரு கால் போட்டேன்.
"என்ன மேடம், ஆட்ட நொண்டியாக்குறீங்களா?"
என்றார் பக்கத்திலிருந்த கொட்டாம்பட்டி டீச்சர்.
கேள்வியைத் தொட்டுக் காட்டினேன்.
உதடசைய எண்ணினார்.
சிரிக்கவில்லை.
தன் தாளை என் பக்கம் தள்ளினார்.

டீ வேளையில் எல்லோரும் போண்டாவுக்குப் போக
வாசல் மேசையில் ஒன்றியவாரியாகக் கட்டுக்கட்டாய்
ஆடுகள்.
பத்தொன்பதுக்குக் கால் வைத்தேன்.
மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்.
மீதியெல்லாம் மேலூருக்கும் வாடிப்பட்டிக்கும்
திருத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாயக்கண்ணன் இப்போது ஏழாவது, வேறு பள்ளி.
பஸ் நிறுத்தத்தில் பார்த்துச் சொன்னேன்.
கோபப்படுவான் என்று நினைத்தேன்.
பேருக்கு ஒன்றும் கேட்கவில்லை.
உசிலம்பட்டி பஸ் வந்து, ஏறி,
படியில் நின்றுகொண்டு கத்தினான்:

"அப்ப அந்தக் கால
யாரு டீச்சர் வாங்கிட்டுப் போனது?"